அத்தியாயம் 6: கிறிஸ்தவத் தொழில்நுட்பப் பயனர் குழுவுக்கு லோகோ வரைதல்

ஆலயங்களில் மிக்ஸர், புரொஜெக்டர், கேமரா, கணினி ஆகியவற்றைக் கையாளும் தன்னார்வலர்கள் ஒன்றுகூடி, தெரிந்ததைப் பகிர்ந்து, தெரியாததைக் கற்றுக்கொள்ளும் அமைப்பே கிறிஸ்தவத் தொழில்நுட்பப் பயனர் குழு. இதன் லோகோ மூன்று இடங்களில் ஒன்றுபோலத் தெளிவாகத் தெரிய வேண்டும்: கைப்பேசியில் விரல் நகத்தைவிடச் சிறிய வட்டமாக, ரப்பர் ஸ்டாம்பிலும் லெட்டர்ஹெட்டிலும் ஒற்றை நிறத்தில், ஆலய வளாகத்தில் கட்டும் பத்தடி பிளக்ஸில். இந்த மூன்றுக்கும் பொருந்தும் லோகோவை வரைய விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. வரிசை தவறாமல் வேலை செய்தால் போதும்.

இந்த அத்தியாயம் முழுவதும் தூத்துக்குடி மில்லர்புரத்தில் அமையக்கூடிய ஒரு குழு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. அதில் கத்தோலிக்கப் பங்கு, தென்னிந்தியத் திருச்சபைச் சேகரம், பெந்தெகொஸ்தே சபை ஆகிய மூன்றிலிருந்தும் உறுப்பினர்கள் இருப்பதாகக் கொள்ளலாம். மற்ற ஊர்க் குழுக்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

அடிப்படை விதி: ஒரே நிறத்தில், மிகச் சிறிய அளவில் தெளிவாகத் தெரியாத வடிவம் லோகோ ஆகாது. நிறம், நிழல், பளபளப்பு எல்லாம் அதன் பிறகே.

## தேவையானவை

- பென்சில், அழிப்பான், கட்டம் போட்ட நோட்டு
- தடித்த கறுப்பு மார்க்கர்
- இங்க்ஸ்கேப் மென்பொருள் (2003 முதல் வளர்க்கப்பட்டுவரும் இலவச, திறந்த மூல வரைகலைச் செயலி)
- யூனிகோட் தமிழ் எழுத்துருக்கள்
- சாதாரண லேசர் பிரிண்டர், ஒரு கைப்பேசி

## படி 1: ஒரு பக்கக் குறிப்பு எழுதுதல்

வரையத் தொடங்கும் முன் கீழ்க்கண்ட கேள்விகளுக்கு ஒரே பக்கத்தில் விடை எழுதிக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

1. குழுவின் முழுப்பெயர் என்ன? தமிழில் மட்டுமா, ஆங்கிலத்திலும் வேண்டுமா?
2. குழு செய்யும் முதன்மை வேலை எது: ஒலியமைப்பு, நேரலை, பாடல் வரிகளைத் திரையிடுதல், மென்பொருள் பயிற்சி?
3. லோகோ முதல் ஆண்டில் எங்கெல்லாம் பயன்படும்?
4. இறுதி முடிவு எடுப்பவர்கள் யார்?

நான்காவது கேள்விக்கு மூன்று பேருக்கு மேல் பெயர் எழுதாமல் இருப்பது நல்லது. கருத்து எல்லோரிடமும் கேட்கலாம். முடிவு சிலரிடம் இருக்க வேண்டும். ஐம்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தினால், எவரும் வெறுக்காத, எவர் மனத்திலும் நிற்காத வடிவமே பெரும்பாலும் வெல்லும்.

குறிப்பு: லோகோவுக்குள் வாசகம் சேர்ப்பதாக இருந்தால் சொற்களை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். கத்தோலிக்கர் வழங்கும் 'விவிலியம்', 'தூய ஆவி' என்பவற்றைச் சீர்திருத்த சபையார் 'வேதாகமம்', 'பரிசுத்த ஆவி' என்கின்றனர். எல்லாச் சபைகளுக்கும் பொதுவான சொல் கிடைக்காவிட்டால் வாசகத்தை விட்டுவிடலாம்.

## படி 2: குறியீடுகளைப் பட்டியலிடுதல்

தூத்துக்குடி அமைந்துள்ள முத்துக்குளித்துறைக் கரைக்கு ஒரு தனி வசதி உண்டு. கிறிஸ்தவ மரபின் பழைய குறியீடுகள் பலவும் இங்கே அன்றாடம் கண்ணில் படும் பொருள்கள். அவற்றின் பலத்தையும் சிக்கலையும் எழுதிக்கொண்டு தேர்வு செய்ய வேண்டும்.

- சிலுவை: எல்லாச் சபைகளுக்கும் தெரிந்தது. வெறும் சிலுவையைப் பெரும்பாலும் எல்லோரும் ஏற்பர். பாடுபட்ட சுரூபம் கத்தோலிக்க அடையாளமாகவே பார்க்கப்படும்.
- மீன்: தொடக்ககாலக் கிறிஸ்தவர்களின் அடையாளம். இரண்டு வளைகோடுகளால் ஆன மீன் உலகெங்கும் கார்க் கண்ணாடிகளில் ஒட்டப்பட்டுப் பழகிவிட்டதால், அதை அப்படியே எடுத்தால் தனித்தன்மை வராது.
- நங்கூரம்: உரோமைச் சுரங்கக் கல்லறைகளில் காணப்படுவது, எபிரெயர் 6:19 நம்பிக்கையை நங்கூரத்துக்கு ஒப்பிடுகிறது. துறைமுக நகரில் கப்பல் நிறுவனங்களின் பலகைகளிலும் நங்கூரம் இருக்கும் என்பதால் குழப்பம் வரலாம்.
- முத்து: மத்தேயு 13:45-46-இல் வரும் உவமை, மன்னார் வளைகுடாவின் பழைய தொழில் என்ற இரண்டையும் தொடுகிறது. வட்ட வடிவம் என்பதால் சிறிய அளவிலும் தெளிவாகத் தெரியும்.
- படகு: திருச்சபையின் பழைய உருவகம். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் படங்களில் வெளிநாட்டு உல்லாசப் பாய்ப்படகுகளே அதிகம். கடற்கரைக்குப் போய் வள்ளத்தையோ தோணியையோ நேரில் பார்த்து வரைய வேண்டும். உள்ளூர்க்காரர்கள் வித்தியாசத்தை உடனே கண்டுபிடித்துவிடுவர்.
- வலை: முடிச்சும் இழையுமான அமைப்பு கணினிப் பிணையத்தின் வரைபடத்தை ஒத்திருப்பதால் தொழில்நுட்பத்தைக் காட்டத் தனிக் குறி தேவைப்படாது.

பனிமய மாதா பேராலயம் நகரின் பெருமைமிக்க அடையாளம். 1982-இல் பசிலிக்கா நிலை பெற்றது. ஆனால் பல சபையினர் சேர்ந்த குழுவுக்கு ஒரு சபையின் ஆலயத்தையோ சுரூபத்தையோ லோகோவாக்குவது பொருந்தாது. அதேபோல, கடற்றொழில் சார்ந்த குறியீடு மீனவக் குடும்பங்களுக்கு நெருக்கமானது. உப்பளம், துறைமுகம், வணிகம், பள்ளி எனப் பிற வேலைகளில் இருப்பவர்களும் அதைத் தங்களுடையதாக ஏற்கிறார்களா என்று கேட்டறிய வேண்டும்.

### படித்துப் பார்க்க ஒரு முன்மாதிரி

1947 செப்டம்பர் 27-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் சின்னம் இந்தப் பாடத்துக்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. பல சபைகள் இணைந்த அமைப்புக்கு எந்த ஒரு சபையின் பழைய முத்திரையும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. சம அளவுக் கைகள் கொண்ட சிலுவை, இந்திய மண்ணின் தாமரை ஆகிய இரண்டு வடிவங்கள் மட்டுமே இணைக்கப்பட்டன. தாமரை இதழ்களே ஆவியானவரின் அக்கினி நாவுகளாகவும் தெரிகின்றன. ஒரே வடிவம் இரண்டு பொருள் தருவதால் மூன்றாவது உருவம் தேவைப்படவில்லை. பயனர் குழுவின் லோகோவும் இதே சிக்கனத்தைப் பின்பற்ற வேண்டும்.

### தவிர்க்க வேண்டிய வடிவங்கள்

- கம்ப்யூட்டர் மவுஸ், பெட்டி வடிவ மானிட்டர், சிடி: கருவி மாறியதும் லோகோ பழசாகிவிடும்.
- விசிறி வடிவச் சிப்பி: ஷெல் பெட்ரோல் நிறுவனத்தின் சின்னத்தை நினைவூட்டும். முத்துச் சிப்பியின் கீல் பகுதி நேர்கோடாக இருக்கும்; அதைக் காட்டி வரைந்தால் குழப்பம் தவிரும்.
- சங்கு: இந்தக் கரையின் விளைபொருள் என்றாலும் இந்து சமயக் குறியீடாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது.
- எல்லாம் சேர்ந்த படம்: சிலுவை, புறா, திறந்த வேதாகமம், உலக உருண்டை, வைஃபை அலை ஆகியவற்றை ஒரே வட்டத்தில் அடைத்தால் கைப்பேசியில் ஒரு கறைதான் தெரியும்.

## படி 3: பென்சிலில் வரைதல்

1. நோட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருபது கட்டங்கள் போட வேண்டும்.
2. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு யோசனை. அழிக்கக் கூடாது, பிடிக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.
3. ஒரு கட்டத்தில் இரண்டு குறியீடுகளுக்கு மேல் சேர்க்கக் கூடாது.
4. மறுநாள் பார்த்து மூன்றைத் தேர்ந்து, மார்க்கரால் கறுப்பில் மட்டும் வரைய வேண்டும்.
5. குழுவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஐந்து நொடி காட்டி மறைத்து, நினைவிலிருந்து வரையச் சொல்ல வேண்டும். அவர் ஏறத்தாழச் சரியாக வரைந்தால் வடிவம் தேறிவிட்டது.

இவ்வாறு கிடைத்ததாக ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம்: நான்கு முனைகளிலும் வலை முடிச்சுகள், குறுக்குச் சந்திப்பில் ஒரு முத்து, இவற்றை இணைக்கும் இரண்டு பட்டைகள். சிலுவை, வலை, பிணையம், முத்து எல்லாம் ஐந்து வட்டங்களிலும் இரண்டு செவ்வகங்களிலும் அடங்கிவிடுகின்றன.

## படி 4: கணினியில் வரைதல்

இங்க்ஸ்கேப் 1.0-க்குப் பிந்தைய பதிப்பில் ஆவணத்தின் அளவை 1000 × 1000 பிக்சலாக அமைக்க வேண்டும். எல்லா வடிவங்களுக்கும் கறுப்பு நிரப்பு. வெளிக்கோடு இருக்கக் கூடாது. வெளிக்கோடு இருந்தால் கீழே தரப்பட்ட அளவுகள் பிசகும். எக்ஸ், ஒய் மதிப்புகள் வடிவத்தின் இடது மேல் மூலையைக் குறிக்கும்.

1. செங்குத்துப் பட்டை: எக்ஸ் 460, ஒய் 140, அகலம் 80, உயரம் 720.
2. குறுக்குப் பட்டை: எக்ஸ் 260, ஒய் 340, அகலம் 480, உயரம் 80.
3. விட்டம் 120 கொண்ட நான்கு முடிச்சுகள்: மேல் (440, 80), கீழ் (440, 800), இடம் (200, 320), வலம் (680, 320).
4. ஆறு வடிவங்களையும் தேர்ந்து 'பாத்' பட்டியில் 'யூனியன்' கொடுத்து ஒன்றாக்க வேண்டும்.
5. சந்திப்பின் மேல் விட்டம் 260 கொண்ட வட்டம் (370, 250). இந்த வட்டத்தையும் சிலுவையையும் சேர்த்துத் தேர்ந்து 'டிஃபரன்ஸ்' கொடுத்தால் அங்கே வட்டமான வெற்றிடம் கிடைக்கும்.
6. வெற்றிடத்தின் நடுவில் விட்டம் 200 கொண்ட முத்து (400, 280).
7. எஸ்விஜி வடிவில் சேமிக்க வேண்டும்.

கீழ்க்கை 480, மற்ற மூன்று கைகளும் 240. கீழ்க்கை நீளமாக இருப்பதால் வடிவம் கூட்டல் குறியாகத் தெரியாது. சிலுவை என்பது பார்த்ததும் புரியும். வாட்ஸ்அப் முகப்புப் படத்தை வட்டமாக வெட்டும்போதும் எந்த முனையும் வெட்டுப்படாது. மேலும் கீழும் 80 பிக்சல் இடைவெளி மிஞ்சும்.

குறிப்பு: இணையதளத் தாவலில் தெரியும் மிகச் சிறிய படம் 16 × 16 பிக்சல். 1000 பிக்சல் வரைபடத்தில் 62.5 பிக்சலுக்குக் குறைவான எந்தக் கோடும் இடைவெளியும் அங்கே ஒரு முழுப் புள்ளியைக்கூடப் பெறாது. 80 பிக்சல் பட்டை தப்பிக்கும். முத்தைச் சுற்றியுள்ள 30 பிக்சல் வெற்றிடம் மறைந்துவிடும். ஆகவே வெற்றிடம் இல்லாத எளிய வடிவம் ஒன்றையும் சிறிய அளவுகளுக்கென்று தனியாகச் சேமிக்க வேண்டும்.

பொதுவான பிழை: ஜேபெக் படத்தை 'டிரேஸ் பிட்மேப்' மூலம் கோடாக்கி அப்படியே பயன்படுத்துவது. விளிம்புகளில் நூற்றுக்கணக்கான தேவையற்ற புள்ளிகள் விழும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தில் விளிம்பு பிசிறும். இத்தகைய எளிய வடிவங்களை அளவு கொடுத்து வரைவதே வேகமானது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் படங்களிலும் தமிழ் எழுத்துகள் அடிக்கடி சிதைந்து வருகின்றன. அவற்றை யோசனைக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

## படி 5: தமிழ் எழுத்து சேர்த்தல்

'மில்லர்புரம்' என்ற பெயரில் மேலே ஒரு இகரக் கொக்கியும் மூன்று புள்ளிகளும், கீழே ஒரு உகரக் கீற்றும் உள்ளன. ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போதுமான உயரத்தில் இதை அடைத்தால் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

1. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான், ஹிந்த் மதுரை போன்ற திறந்த உரிமம் கொண்ட யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
2. மிகத் தடித்த வகையைத் தவிர்க்க வேண்டும். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே வெள்ளை தெரிய வேண்டும்.
3. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையில் கொக்கியும் கீற்றும் மோதாத அளவு இடைவெளி விட வேண்டும்.
4. ஒவ்வொரு எழுத்தையும் இருவர் வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.
5. ஒரு பிரதியில் எழுத்துகளை 'ஆப்ஜெக்ட் டு பாத்' மூலம் வடிவமாக மாற்றி, மாற்றாத பிரதியைத் தனியாகச் சேமிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலின் ஐந்தாவது வேலையைத் தவறவிடுவதே அச்சகங்களில் அதிகம் நடக்கும் கோளாறு. பழைய பாமினி வகை எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கலந்த குப்பையே வரும். யூனிகோடில் இருந்தாலும் சில பழைய வடிவமைப்புச் செயலிகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி விழும். வடிவமாக மாற்றிய எழுத்து எங்கும் மாறாது.

குறிப்பு: பழைய அச்சின் சாயல் வேண்டுமெனில் முன்மாதிரி இந்தக் கரையின் வரலாற்றிலேயே உண்டு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்ரிக்கே அன்ரிக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. அதன் எழுத்துகளைப் பார்த்துச் சாயலை மட்டும் எடுத்து, இன்றைய வரிவடிவத்தில் புதிதாக வரைய வேண்டும்.

## படி 6: நிறம் கொடுத்தல்

ஒரு முதன்மை நிறம், தேவைப்பட்டால் ஒரு துணை நிறம்; அதற்கு மேல் வேண்டாம். எடுத்துக்காட்டு லோகோவுக்கு #003366 என்ற ஆழ்கடல் நீலம் பொருந்தும். வெள்ளைப் பின்னணியில் இதன் ஒளிமாறுபாடு ஏறத்தாழ 12.6:1, இணைய அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5:1 மட்டுமே. அடர்ந்த பின்னணிக்கு வெள்ளை வடிவம் ஒன்றும் தேவை. புரொஜெக்டர் திரையில் கறுப்புப் பின்னணி அடிக்கடி வருவதால் இது கட்டாயம்.

திரையில் தெரியும் நீலம் அச்சில் ஊதாவாக மாறுவது வழக்கம். பெரிய பிளக்ஸ் அடிக்கும் முன் ஒரு சதுர அடி மாதிரி அடித்து வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை: வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை கூடாது. இந்தியாவின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம், 1960 இந்தச் சின்னத்தையும், சிவப்புப் பின்னணியில் வெள்ளைச் சிலுவையையும், இவற்றை மிக ஒத்த வடிவங்களையும் மத்திய அரசின் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை செய்கிறது. சமய நோக்கத்தோடு வரைந்தாலும் சம அளவுக் கைகள் கொண்ட சிவப்புச் சிலுவை இந்தச் சிக்கலில் மாட்டும். போர்க்களத்தில் மருத்துவப் பணியாளர்களின் உயிரைக் காக்கும் அடையாளம் அது. வேறு நிறம் எடுப்பதே முறை.

## படி 7: சோதித்தல்

1. 16, 32, 64 பிக்சல் அளவுகளில் பிஎன்ஜி எடுத்துக் கைப்பேசியில் பார்க்க வேண்டும்.
2. இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பில் அச்சிட்டு, அந்த அச்சை நகலெடுத்து, நகலை மறுபடி நகலெடுக்க வேண்டும். வடிவம் உடையாமல் இருந்தால் ரப்பர் ஸ்டாம்பிலும் தெளிவாக விழும்.
3. ஆலயத்தின் கடைசி வரிசையில் நின்று திரையில் பார்க்க வேண்டும்.
4. தலைகீழாகவும் கண்ணாடியிலும் பார்த்து, வேண்டாத உருவம் எதுவும் தோன்றவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.
5. பங்குத்தந்தை, சேகர குரு, போதகர் ஆகியோரிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும்.
6. இணையத்தில் படத் தேடல் செய்து ஒத்த லோகோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் தளத்தில் பொதுத் தேடல் இலவசம்.

## படி 8: உரிமையைத் தெளிவாக்குதல்

பிறர் சின்னங்கள். மறைமாவட்டம், திருமண்டலம், வத்திக்கான் ஆகியவற்றின் முத்திரைகளை எழுத்து மூலமான அனுமதியின்றிச் சேர்க்கக் கூடாது. அசோகச் சக்கரம், அரசு இலச்சினைகள், தேசியக் கொடி ஆகியவற்றையும் தொடக் கூடாது. குழு பயன்படுத்தும் மென்பொருளின் லோகோவைச் சிலுவையோடு இணைப்பதும் தவறு. அந்த நிறுவனமே குழுவை நடத்துவதாகத் தோன்றும். திறந்த மூல உலகில் விதிவிலக்குகள் உண்டு. லாரி யூவிங் 1996-இல் வரைந்த லினக்ஸின் டக்ஸ் பென்குயினை, கேட்கும்போது அவரையும் கிம்ப் செயலியையும் குறிப்பிடும் நிபந்தனையோடு மாற்றிப் பயன்படுத்தலாம். ஒவ்வொன்றின் உரிம வாசகத்தையும் படித்த பிறகே எடுக்க வேண்டும்.

வரைந்தவரின் உரிமை. தன்னார்வலர் வரைந்த லோகோவின் பதிப்புரிமை முதலில் அவருக்கே சொந்தம். குழுவுக்கு மாற்ற, கையொப்பமிட்ட எழுத்து ஆவணம் தேவை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். 'பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்' என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் பிற்காலச் சண்டை தவிரும். வரைந்தவரின் பெயரைக் குழுவின் பதிவேட்டில் நன்றியோடு எழுதிவைப்பது சட்டத்துக்கு அப்பாற்பட்ட கடமை.

பதிவு. சிறிய குழுவுக்கு வர்த்தகச் சின்னப் பதிவு கட்டாயமில்லை. பயிற்சிக்குக் கட்டணம் வாங்கினாலோ, பொருள் விற்றாலோ சென்னைப் பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு பத்து ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

## பாதுகாப்பு

- மென்பொருள்: திருட்டுப் பிரதிகளையும் உரிமம் தெரியாத எழுத்துருத் தொகுப்புகளையும் இறக்க வேண்டாம். அவற்றோடு வரும் தீநிரல் ஆலய அலுவலகத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள் இருக்கும் கணினியையும் பாதிக்கக்கூடும்.
- ஸ்டென்சில் வெட்டுதல்: இரும்பு ஸ்கேல், வெட்டுப் பாய், புதிய பிளேடு. கத்தி எப்போதும் உடலிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். சிறுவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.
- பெயர்ப்பலகை: கடற்காற்றும் உப்பும் சாதாரண இரும்புச் சட்டத்தை விரைவில் அரிக்கும். அலுமினியச் சட்டமோ 316 தர எவர்சில்வரோ ஏற்றது. ஒளிரும் பலகைக்கு மழை புகாத இணைப்புப் பெட்டியும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் அவசியம். பொருத்தும் வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது.

## படி 9: கோப்புகளை ஒப்படைத்தல்

ஒரே கோப்புறையில் கீழ்க்கண்டவை இருக்க வேண்டும்.

1. எஸ்விஜி மூலக்கோப்பு: எழுத்து மாற்றியது ஒன்று, மாற்றாதது ஒன்று
2. அச்சகத்துக்கான பிடிஎஃப்
3. பின்னணி இல்லாத பிஎன்ஜி: வண்ணம், கறுப்பு, வெள்ளை
4. வாட்ஸ்அப், யூடியூப் முகப்புக்கான சதுரப் படம்
5. சிறிய அளவுகளுக்கான எளிய வடிவம்
6. எழுத்துருக் கோப்பும் அதன் உரிமமும்
7. கையொப்பமிட்ட உரிமை மாற்ற ஆவணம்
8. ஒரு பக்க விதித்தாள்

விதித்தாளில் நான்கு செய்திகள் போதும்: நிற எண்கள், குறைந்தபட்ச அளவு, லோகோவைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி, செய்யக் கூடாதவை. ஒரு முடிச்சின் விட்டத்தையே இடைவெளியின் அளவாகக் கொள்ளலாம். இழுத்து நீட்டுதல், சாய்த்தல், நிழல் சேர்த்தல், தலைவர்களின் படங்களை லோகோவை ஒட்டி வைத்தல் ஆகியவை கூடாதவற்றின் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

கோப்புறையின் பிரதிகள் மூன்று இடங்களில் இருக்க வேண்டும்: குழுச் செயலாளரின் கணினி, ஒரு பென்டிரைவ், ஓர் இணையச் சேமிப்புக் கணக்கு. அந்தக் கணக்கு தனிநபர் பெயரில் இல்லாமல் குழுவின் பொதுவான மின்னஞ்சலில் இருந்தால், பொறுப்பாளர் மாறும்போது லோகோவும் பத்திரமாக அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும்.